குறி தவறிய குண்டுக்கு யார் பொறுப்பு?

"தவறுதலாக நடந்த தாக்குதலில் பொதுமக்கள் பலி. ஜனாதிபதி வருத்தம் தெரிவித்தார். தூதரை வரவழைத்துக் கண்டனம்." செய்தித்தாளின் வெளிநாட்டுப் பக்கத்தில் இப்படிப்பட்ட வரிகள் அடிக்கடி வருகின்றன. கிருஷ்ணகிரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களோடு உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாள் வாசிப்பது என் வழக்கம். தேதி, இடம், இறந்தவர் எண்ணிக்கை எல்லாம் உடனே குறிப்பேட்டில் ஏறிவிடும். இதில் யார் எதற்குப் பொறுப்பு என்று கேட்டால்தான் எல்லோரும் யோசிக்கத் தொடங்குவார்கள்.

பர்கூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவியின் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். அவர் கேட்டார்: "சார், பட்டனை அழுத்தினது ஒரு பைலட். அப்புறம் எதுக்கு ஒரு நாட்டோட தலைவர் மன்னிப்புக் கேட்கணும்? அவரே கேட்டாலும் கடைசியில தண்டனை எங்க அண்ணன் மாதிரி ஆளுக்குத்தானே வரும்?" இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு வரலாறு தரும் பதில் அவ்வளவு நிம்மதியானதல்ல. இரண்டையும் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பொறுப்பு ஒரே ஆளிடம் நிற்பதில்லை

நம் பக்கத்துக் கல் குவாரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெடி வைத்ததில் கல் பறந்து, பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் மேல் விழுகிறது. திரியைப் பற்றவைத்தவர் ஒருவர். எத்தனை குழி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து என்று சொன்னவர் இன்னொருவர். சங்கு ஊதி ஆட்களை விலக்கியிருக்க வேண்டியவர் மூன்றாமவர். இன்றைக்கே லோடு ஏற்ற வேண்டும் என்று எல்லோரையும் அவசரப்படுத்தியவர் குத்தகைதாரர். 2025 வரை நடைமுறையில் இருந்த 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் திரி பற்றவைத்தவரோடு நின்றுவிடவில்லை. உரிமையாளர், அவருடைய முகவர், மேலாளர் மூவர் மேலும் பொறுப்பைச் சுமத்தியது. அன்றைக்கு உரிமையாளர் ஊரில் இல்லை என்பது பெரிய சமாதானம் ஆகாது.

ராணுவத் தாக்குதலிலும் இதே மாதிரி அடுக்குகள் உண்டு. அடிமட்டத்தில் நேரடியாகச் சுட்டவரின் பொறுப்பு. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களும் அவற்றோடு 1977-இல் சேர்ந்த கூடுதல் நெறிமுறைகளும் போர்ச் சட்டத்தின் அடிப்படை. பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது, தாக்கும் முன் இலக்கு ராணுவ இலக்குதானா என்று முடிந்த அளவு சரிபார்க்க வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. நேர்மையாகச் சரிபார்த்தும் தவறு நேர்ந்தால் அதுவே போர்க் குற்றம் ஆகிவிடாது. தெரிந்தே அடித்தால் குற்றம். சரிபார்க்கவே மெனக்கெடாமல் அடித்தாலும் சட்டத்தை மீறியதாகத்தான் ஆகும்.

அதற்கு மேல் தளபதியின் பொறுப்பு. தன் ஆட்கள் செய்வது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தும், தடுக்காமலோ தண்டிக்காமலோ விட்டவரும் குற்றவாளியே. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிலிப்பைன்ஸில் இருந்த ஜப்பானியத் தளபதி யமாஷிதா இந்தக் கோட்பாட்டின்படிதான் 1946-இல் தூக்கிலிடப்பட்டார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தின் 28-ஆவது பிரிவு இதை ராணுவத் தளபதிகளோடு சேர்த்து அமைச்சர்கள் போன்ற சிவில் மேலதிகாரிகளுக்கும் பொருத்துகிறது. இந்தியாவும் அமெரிக்காவும் அந்தச் சாசனத்தில் உறுப்பினர்கள் அல்ல.

அடுத்தது அரசின் பொறுப்பு. மாணவியின் முதல் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. சீருடையில் பணியில் இருக்கும் ஒருவர் செய்வது சர்வதேசச் சட்டத்தின் கண்ணில் அந்த நாடே செய்தது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-இல் தொகுத்த விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தவறிழைத்த நாடு முடிந்தால் பழைய நிலையை மீட்டுத் தர வேண்டும், முடியாததற்கு இழப்பீடு தர வேண்டும், பணத்தால் ஈடுகட்ட முடியாததற்கு, தவறை ஒப்புக்கொள்வது, வருத்தம் தெரிவிப்பது, முறைப்படி மன்னிப்புக் கேட்பது போன்ற வழிகளில் பாதிக்கப்பட்ட நாட்டுக்கு நிறைவளிக்க வேண்டும். அரசுக்கு என்று தனியாக வாய் கிடையாது. அதன் சார்பில் பேசும் அதிகாரம் தலைவருக்கும் வெளியுறவு அமைச்சர் போன்றவர்களுக்குமே உண்டு. பைலட் மனம் உடைந்து ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டாலும் அது ஒரு மனிதரின் மன்னிப்பு. நாடு கேட்டதாக ஆகாது.

கடைசி அடுக்கு, உள்நாட்டில் மக்களுக்குப் பதில் சொல்லும் அரசியல் பொறுப்பு. நம் அரசியலமைப்பின் 53-ஆவது பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. நடைமுறையில் முடிவெடுக்கும் அமைச்சரவை, 75-ஆவது பிரிவின்படி மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. இந்தப் பொறுப்புக்கு நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணம் ஆக வேண்டியதில்லை. "என் துறையில் நடந்தது, நான் பதில் சொல்கிறேன்" என்று எழுந்து நிற்பதுதான் அது.

பெல்கிரேடு, 1999

இந்த அடுக்குகள் எல்லாம் ஒரே சம்பவத்தில் தெரிவதால், வகுப்பில் நான் முதலில் எடுப்பது பெல்கிரேடு. 1999-இல் கொசோவோ பிரச்சினைக்காக, அமெரிக்கா இடம்பெற்ற ராணுவக் கூட்டணியான நேட்டோவின் படைகள் யூகோஸ்லாவியா மீது குண்டு போட்டுக்கொண்டிருந்தன. மே 7 இரவு அமெரிக்காவின் பி-2 விமானம் வீசிய ஐந்து குண்டுகள் பெல்கிரேடில் இருந்த சீனத் தூதரகத்தைத் தாக்கின. மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

குண்டு குறி தவறவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கொடுத்த இடத்தில் மிகச் சரியாகவே விழுந்தது. கொடுத்த இடம்தான் தப்பு. யூகோஸ்லாவிய ராணுவக் கொள்முதல் அலுவலகம் ஒன்றை அடிக்க வேண்டும் என்று இலக்கைக் குறித்துக் கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தை வைத்துத் தோராயமாகக் கணித்திருந்தார்கள். சீனத் தூதரகம் 1996-லேயே புதிய கட்டடத்துக்கு மாறியிருந்தது. அமெரிக்கத் தரவுத்தளங்களில் பழைய முகவரியே இருந்தது. தாக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் தூதரகம் இருந்தும், பழைய இடம் குறித்திருந்ததால் பயன் இல்லாமல் போனது. ஓர் உளவு அதிகாரிக்குச் சந்தேகமும் வந்திருக்கிறது. அவருடைய சந்தேகம் தாக்குதலை நிறுத்தும் இடம் வரை போய்ச் சேரவில்லை.

பெய்ஜிங்கில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தின் மேல் கல் எறிந்தார்கள். தூதர் சில நாட்கள் வெளியே வர முடியாமல் உள்ளேயே இருந்தார். செங்டுவில் அமெரிக்கத் துணைத் தூதரின் இல்லம் எரிக்கப்பட்டது. ராணுவத் தொடர்புகளையும் மனித உரிமை பற்றிய பேச்சுவார்த்தையையும் சீனா நிறுத்தியது. ஜனாதிபதி கிளிண்டன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சீன ஜனாதிபதி ஜியாங் செமின் அவருடைய தொலைபேசி அழைப்பை உடனே ஏற்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் இருவரும் பேசினார்கள்.

தூது என்பது நம் மண்ணுக்குப் புதிதில்லை. தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதையைத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அது வரப்போகும் போரை நிறுத்தப் போன தூது. தவறு நடந்த பிறகு போகும் தூது இன்னும் கஷ்டமானது, ஏனென்றால் எதிரில் இருப்பவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள், நம்பவும் தயாராக இல்லை. ஜூன் மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி தாமஸ் பிக்கரிங் பெய்ஜிங்குக்குப் போய், தவறு எப்படி நடந்தது என்று படிப்படியாக விளக்கினார். சீனா அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. இருந்தாலும் வழி திறந்தது. இறந்தவர், காயம்பட்டவர் குடும்பங்களுக்கு 45 லட்சம் டாலர், தூதரகக் கட்டடத்துக்கு 2 கோடியே 80 லட்சம் டாலர் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. கலவரத்தில் சேதமான அமெரிக்கக் கட்டடங்களுக்குச் சீனா 28 லட்சத்து 70 ஆயிரம் டாலர் தர ஒப்புக்கொண்டது. நவம்பரிலேயே இரு நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்வதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன.

சரி, தண்டனை? 2000 ஏப்ரலில் சி.ஐ.ஏ. நடுத்தர நிலையில் இருந்த ஓர் அதிகாரியை வேலையிலிருந்து நீக்கியது. ஆறு பேர் மீது சிறிய நடவடிக்கை எடுத்தது. நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் டெனெட் பதவியில் தொடர்ந்தார். அந்தப் போர் முழுவதிலும் சி.ஐ.ஏ. தானாகக் குறித்துக் கொடுத்த ஒரே இலக்கு இதுதான் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னவரும் அவரே. இலக்குக் குறித்துப் பழக்கமில்லாத ஓர் அமைப்பை அந்த வேலைக்கு அனுமதித்தது யார்? அது ஒரு நடுத்தர அதிகாரியின் மேசையில் எடுத்த முடிவாக இருக்க முடியாது. மாணவியின் இரண்டாவது கேள்வி இங்கே அப்படியே நிற்கிறது.

தவறை விடப் பெரியது மறைப்பு

தவறு ராணுவத்துடையதாக இருக்கலாம். அதற்குப் பிறகு உலகத்துக்கு என்ன சொல்வது என்ற முடிவு அரசியல் தலைமையுடையது. இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு தலைவரை அளக்க வேண்டியது முதல் மூன்று நான்கு நாட்களில் அவர் வாயிலிருந்து வந்தது உண்மையா இல்லையா என்பதை வைத்துத்தான்.

1988 ஜூலை 3. வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் 655 விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. இறந்தவர்கள் 290 பேர். அவர்களில் 66 பேர் குழந்தைகள். 10 பேர் இந்தியர்கள். விமானம் தாழ்ந்து கப்பலை நோக்கி வந்தது, பயணப் பாதையை விட்டு விலகியிருந்தது என்று அமெரிக்கா முதலில் சொன்னது. விமானம் தன் பாதையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது என்று அமெரிக்கக் கடற்படையின் விசாரணையே பிறகு காட்டியது. அந்த நேரத்தில் வின்சென்ஸ் ஈரானின் கடல் எல்லைக்குள் இருந்தது என்பதை உயர் ராணுவ அதிகாரி ஒருவர் 1992-இல்தான் ஒப்புக்கொண்டார்.

ஜனாதிபதி ரீகன் வருத்தம் தெரிவித்தார், ஆனால் முறைப்படி மன்னிப்புக் கேட்கவில்லை. துணை ஜனாதிபதி புஷ் அப்போது தேர்தல் களத்தில் இருந்தார். அமெரிக்காவுக்காகத் தான் ஒருபோதும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்று பொதுவாக ஒரு மேடையில் பேசினார். உள்ளூரில் கைதட்டல் வாங்கும் அந்தப் பேச்சு ஈரானில் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். கப்பலின் தலைவருக்குப் பின்னாளில் அவருடைய பணிக்காலத்துக்காகப் பதக்கமும் கிடைத்தது. ஈரான் 1989-இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1996-இல் சமரசம் ஆகி அமெரிக்கா 13 கோடியே 18 லட்சம் டாலர் தந்தது. அதில் 6 கோடியே 18 லட்சம் இறந்த ஈரானியர்களின் குடும்பங்களுக்கு. சட்டப்படி பொறுப்பை ஏற்காமல், கருணைத் தொகையாகவே அமெரிக்கா அதைக் கொடுத்தது. நம் ஊரில் பஸ் விபத்துக்கு அறிவிக்கும் கருணைத் தொகையும் அப்படித்தான்: பணம் வரும், தவறு யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கும். இழப்பீட்டில் தவறை ஏற்பதும் அடக்கம். ஈரானியர்கள் இன்றைக்கும் இந்தச் சம்பவத்தைச் சொல்லிக் காட்டுவதற்கு அந்த வித்தியாசமும் ஒரு காரணம்.

அதே ஈரான் 2020-இல் மறுபக்கம் நின்றது. ஜனவரி 8 அதிகாலை, ஈராக்கில் இருந்த அமெரிக்கத் தளங்கள் மேல் ஈரான் ஏவுகணை வீசிய சில மணி நேரத்தில், டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை அதன் புரட்சிக் காவல் படை எதிரியின் ஏவுகணை என்று நினைத்துச் சுட்டது. 176 பேர் இறந்தார்கள். அவர்களில் 138 பேர் கனடாவுக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள். மூன்று நாட்கள் அரசு மறுத்தது. பிறகு ஒப்புக்கொண்டது. விமானம் விழுந்ததற்கு அழுத மக்கள், பொய் சொன்னதற்காக டெஹ்ரான் தெருவில் இறங்கினார்கள். 2023-இல் ராணுவ நீதிமன்றம் படையினர் பத்துப் பேருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் பதிலடி வரும் என்று தெரிந்த இரவில் வான்வெளியை ஏன் மூடவில்லை? பயணிகள் விமானங்களை ஏன் கிளம்ப விட்டார்கள்? ஏவுகணைக் குழுவில் இருந்தவர் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அது மேலே எடுக்க வேண்டிய முடிவு. கனடா, உக்ரைன், சுவீடன், பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகளும் அதே ஆண்டு ஈரானைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தன.

இன்னும் இரண்டு சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 29, காபூல்: அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் ஒரு குடும்பத்தின் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். முதலில் நியாயமான தாக்குதல் என்றார்கள். பத்திரிகைகள் தோண்டி எடுத்த பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. 2024 டிசம்பர் 25: அஜர்பைஜான் பயணிகள் விமானம் ரஷ்ய வான் பாதுகாப்பால் சேதமாகி, கஜகஸ்தானில் விழுந்து 38 பேர் இறந்தார்கள். தன் வான்வெளியில் நடந்ததற்காகப் புடின் மூன்று நாளில் மன்னிப்புக் கேட்டார். ரஷ்ய ஏவுகணைதான் காரணம் என்பதை அப்போது சொல்லவில்லை. நெருக்கமாக இருந்த இரண்டு நாடுகளும் பல மாதங்களுக்கு முறைத்துக்கொண்டு நின்றன.

ஒரு மன்னிப்பு தாமதமானால்

ராஜதந்திர விளைவு என்றால் அறிக்கைப் போர் மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தூதரை வரவழைத்துக் கண்டிப்பது அதன் முதல் படி. தூதரைத் திரும்ப அழைப்பது, வான்வெளியை மூடுவது, சாலையை மூடுவது, பேச்சுவார்த்தையைப் புறக்கணிப்பது, ஐ.நா.வுக்கும் நீதிமன்றத்துக்கும் போவது என்று அது ஏறிக்கொண்டே போகும்.

2011 நவம்பர் 26 அன்று ஆப்கன் எல்லையை ஒட்டிய சலாலாவில், நேட்டோ ஹெலிகாப்டர்களும் விமானங்களும் பாகிஸ்தான் ராணுவத்தின் காவல் சாவடிகளைத் தாக்கின. 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தார்கள். பாகிஸ்தான் உடனே ஆப்கானிஸ்தானுக்குப் போகும் நேட்டோ சரக்கு லாரிகளுக்குப் பாதையை மூடியது. தன் மண்ணில் அமெரிக்கா பயன்படுத்திவந்த ஷம்சி விமானத் தளத்தைக் காலி செய்யச் சொன்னது. ஜெர்மனியின் பான் நகரில் நடந்த ஆப்கானிஸ்தான் பற்றிய மாநாட்டைப் புறக்கணித்தது. ஒபாமா தொலைபேசியில் அனுதாபம் தெரிவித்தார். பாகிஸ்தான் கேட்டது மன்னிப்பு. இரு தரப்பிலும் தவறு இருந்தது என்று அமெரிக்க விசாரணை சொன்னது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தேர்தல், பாகிஸ்தானிலும் அமெரிக்க எதிர்ப்பு உச்சத்தில். இரண்டு பக்கத் தலைவர்களும் உள்ளூர் மக்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஏழு மாதம் லாரிகள் நின்றன. வடக்கே மத்திய ஆசியா வழியாகச் சுற்றிப் போனதால் மாதம் 10 கோடி டாலர் அளவுக்குக் கூடுதல் செலவு என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பனெட்டா சொன்னார். கடைசியில் 2012 ஜூலை 3 அன்று வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன், பாகிஸ்தான் அமைச்சர் ஹினா ரப்பானி கரிடம் தொலைபேசியில் வருந்துவதாகச் சொன்னார். பாதை திறந்தது. முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைதான் அது.

இதெல்லாம் எங்கேயோ நடப்பது என்று கிருஷ்ணகிரிக்காரர்கள் நினைக்க முடியாது. பெங்களூரா மாங்காய் இங்கே கூழாகி டின்னில் அடைபட்டு வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலில் போகிறது. ஓசூர் ரோஜா விமானத்தில் போகிறது. கிரானைட்டும் போகிறது. ஒரு கடல் வழியில் பதற்றம் என்றால் கண்டெய்னர் வாடகையும் காப்பீடும் ஏறும். அந்த ஏற்றம் மாந்தோப்பு வரை வந்து சேரும். நம் பிள்ளைகள் வளைகுடாவில் வேலையும் பார்க்கிறார்கள்.

நம் நாட்டின் கணக்கு

அயல்நாட்டுத் தவறுகளை மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. 2022 மார்ச் 9 மாலை இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிபொருள் இல்லை, உயிரிழப்பும் இல்லை. அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளுக்கு இடையில் ஓர் ஏவுகணை போய் விழுந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மறுநாள் பாகிஸ்தான் ராணுவம் செய்தியாளர்களிடம் சொன்னது. மார்ச் 11 அன்றுதான் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம், பராமரிப்பின்போது தொழில்நுட்பக் கோளாறால் நடந்தது, மிகவும் வருந்தத்தக்கது என்று அறிவித்தது. உடனே தகவல் சொல்லவில்லை என்று பாகிஸ்தான் குற்றம்சாட்டியது. கூட்டு விசாரணை கேட்டது. இந்தியா தானே விசாரித்தது.

பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்தார். ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வகுத்த நடைமுறையிலிருந்து விலகியதே காரணம் என்று விசாரணை சொன்னது. மறைக்காமல் ஒப்புக்கொண்டதும், நாடாளுமன்றத்தில் பதில் சொன்னதும் நல்ல விஷயங்கள். முதல் தகவல் நம்மிடமிருந்து, அன்றிரவே போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாகிஸ்தான் பக்கத்தில் ஒரு தளபதி அவசரப்பட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் ஏவுகணையே நம் எம்.ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும் கீழே இருந்த ஒருவரும் இறந்தார்கள். அது நம்முடைய பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி பதௌரியா அக்டோபர் 4 அன்று ஒப்புக்கொண்டார். இடையில் மக்களவைத் தேர்தல் முடிந்திருந்தது. ராணுவத்தில் அண்ணனை வைத்திருக்கும் வீடுகளுக்கு அந்த ஏழு மாதம் எப்படி இருந்திருக்கும்?

2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில் இந்தியக் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். தபார், கடற்கொள்ளையரின் தாய்க்கப்பல் என்று ஒன்றைச் சுட்டு மூழ்கடித்தது. நாடே பாராட்டியது. சில நாட்களில், அது கொள்ளையர்கள் கடத்திய, தாய்லாந்துக்காரர் ஒருவருக்குச் சொந்தமான மீன்பிடிக் கப்பல் என்று தெரிந்தது. கடத்தப்பட்ட தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். கடலில் மிதந்த ஒருவர் மட்டும் உயிரோடு கிடைத்தார். கப்பலில் இருந்த கொள்ளையர்கள் மிரட்டியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் கடற்படை சொன்னது.

தமிழர்கள் சுடப்பட்ட பக்கமும் உண்டு. 2012 ஜூலை 16 அன்று துபாய்க்கு அருகே அமெரிக்கக் கடற்படையின் ரப்பஹன்னாக் கப்பல், ஒரு சிறு மீன்பிடிப் படகைச் சுட்டது. ராமநாதபுரம் மாவட்டத்து மீனவர் ஒருவர் இறந்தார், மூன்று பேர் காயமடைந்தார்கள். எச்சரித்தும் நெருங்கினார்கள் என்றது கப்பல். எச்சரிக்கையே வரவில்லை என்றார்கள் உயிர் பிழைத்தவர்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் கேரளக் கடலில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவலுக்கு இருந்த கடற்படையினர், கொள்ளையர் என்று நினைத்து இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

அந்த வழக்கு ஒன்பது ஆண்டுகள் இழுத்தது. தேர்தலில் வாக்களிக்க ஊருக்குப் போன வீரர்களை இத்தாலி திருப்பி அனுப்ப மறுத்தபோது, இத்தாலியத் தூதர் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2013 மார்ச்சில் உத்தரவிட்டது. வீரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களை அனுப்பியதை எதிர்த்து இத்தாலிய வெளியுறவு அமைச்சர் தெர்சி ராஜினாமா செய்தார். 2020-இல் சர்வதேச நடுவர் மன்றம், வீரர்களுக்கு இந்திய நீதிமன்றத்திலிருந்து விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது: குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. ரோமில் நடந்த வழக்கும் 2022-இல் கைவிடப்பட்டது.

பதவி விலகுவது

தெர்சி ராஜினாமா செய்தது இரண்டு மீனவர்கள் இறந்ததற்காக அல்ல என்பதைக் கவனியுங்கள். தவறான தாக்குதலுக்காக அமைச்சர் பதவி விலகுவது உலகத்தில் அபூர்வம். 2001 அக்டோபர் 4 அன்று உக்ரைன் ராணுவப் பயிற்சியில் ஏவிய ஏவுகணை, டெல் அவிவிலிருந்து நோவோசிபிர்ஸ்க் போன பயணிகள் விமானத்தைக் கருங்கடல் மேல் வீழ்த்தியது. 78 பேர் இறந்தார்கள். உக்ரைன் முதலில் மறுத்தது. அந்த மாதம் முடிவதற்குள் பாதுகாப்பு அமைச்சர் குஸ்முக் பதவியை இழந்தார். குடும்பங்களுக்குத் தலா 2 லட்சம் டாலர் தர உக்ரைன் ஒப்புக்கொண்டது.

நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது, அது ராணுவ விஷயம் இல்லை என்றாலும். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். அவர் எந்த வகையிலும் தவறு செய்தவர் என்பதற்காக ராஜினாமாவை ஏற்கவில்லை, அரசியலமைப்பு நெறிக்கு இது முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்ற பொருளில் நேரு பேசினார். அரசியல் பொறுப்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

ஆனால் ராஜினாமா ஒன்றே பொறுப்பு என்று நான் நினைக்கவில்லை. விலகிப் போனவர் விசாரணையையும் திருத்தத்தையும் அடுத்தவர் தலையில் விட்டுவிட்டுப் போகவும் முடியும். அதனால் இப்படிப்பட்ட செய்தி வந்தால் வகுப்பில் நாங்கள் வேறு சில கேள்விகளைக் கேட்கிறோம். முதல் தகவல் யாரிடமிருந்து வந்தது, தவறு செய்த நாடே சொன்னதா, வேறு யாராவது அம்பலப்படுத்தினார்களா? வருத்தம் என்றார்களா, மன்னிப்பு என்றார்களா, பொறுப்பை ஏற்றார்களா? பணம் கொடுத்தால் எந்தப் பெயரில்? விசாரித்தது யார், அறிக்கையை வெளியிட்டார்களா? தண்டனை எந்தப் பதவி வரை ஏறியது? அப்புறம், விதி ஏதாவது மாறியதா?

கடைசிக் கேள்விக்கு ஒரு நல்ல உதாரணமும், அதற்குள்ளேயே ஒரு வேதனையும் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம், வழி தவறி வந்த கொரியப் பயணிகள் விமானம் 007-ஐச் சுட்டு 269 பேரைக் கொன்றது. சோவியத் தலைமை முதலில் மறுத்தது, கருப்புப் பெட்டிகளையும் மறைத்து வைத்தது. சோவியத் கலைந்த பின், ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சின் காலத்தில்தான் அவை வெளியே வந்தன. அந்த விபத்துக்குப் பிறகு, ஜி.பி.எஸ். வசதியைப் பயணிகள் விமானங்களுக்கும் திறந்துவிடுவதாக ரீகன் அறிவித்தார். இன்றைக்கு நம் கைப்பேசியில் வழி காட்டுவது அதுதான். 1984 மே மாதம் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், பறக்கும் பயணிகள் விமானத்தின் மேல் ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்ற திருத்தத்தை, சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில் சேர்க்க ஒருமனதாகச் சம்மதித்தன. ஆனால் தேவையான எண்ணிக்கையில் அரசுகள் ஒப்புதல் தந்து அது நடைமுறைக்கு வந்தது 1998 அக்டோபரில். இடைப்பட்ட அந்தப் பதினான்கு ஆண்டுகளுக்குள்தான் ஈரான் ஏர் 655 பந்தர் அப்பாஸிலிருந்து கிளம்பியது.